பக்கவாதம் போனாலும் போகாத அசதி... அதை விரட்ட ஒரு துளி மின்சாரம்! தெரியுமா?

காலை எட்டு மணி. பெரியப்பா குளித்துவிட்டு வருகிறார். சட்டை மாட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொள்கிறார். பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இழுத்துக்கொண்ட கை நேராகிவிட்டது, குழறிய பேச்சு தெளிந்துவிட்டது, ஸ்கேன் பார்த்த டாக்டரும் "நல்லா இருக்கீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் ஒரு குளியல் முடிந்தால் மனிதர் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். "படுத்தே பழகிட்டார்" என்கிறது வீடு. "கொஞ்சம் மனசு வைக்கணும்" என்கிறார்கள் பார்க்க வந்தவர்கள்.

மனசு வைக்காமல் இல்லை. அவருடைய மூளைக்குள் நடப்பதைக் கேட்டால் நீங்களே அசந்து போவீர்கள்! இந்த அசதிக்குப் பின்னால் ஓர் அறிவியல் கதை இருக்கிறது. அதில் ரோமாபுரி வைத்தியர் வருகிறார், உயிருள்ள மீன் வருகிறது, தன் நோயைத் தானே ஆராய்ந்த பேராசிரியர் வருகிறார், கைபேசி சார்ஜரில் ஓடுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரமும் வருகிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

1. இரண்டு பேரில் ஒருவருக்கு இந்த அசதி, தெரியுமா?

உலகில் ஆண்டுக்கு சுமார் 1 கோடியே 20 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வருகிறது. பிழைத்து எழுந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை இந்தச் சோர்வு பிடித்துக்கொள்கிறது. பாதிப் பேர்! கை விழுந்ததும் வாய் கோணியதும் ஊருக்கே தெரியும். இது மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாது.

இதில் இன்னோர் ஆச்சரியம்: பெரிய பக்கவாதம் வந்தால்தான் பெரிய அசதி என்று கணக்கு இல்லை. லேசாக வந்து, கைகால் முழுக்கத் தேறிவிட்டவரையும் இது படுக்க வைக்கும். வயலில் நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு ஒரு ராத்திரி தூக்கத்தில் போய்விடும். இது எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாது. சிலரை விட்டு வருடக்கணக்கில்கூட நகர்வதில்லை. மனச்சோர்வும் இதுவும் சில சமயம் கைகோத்து வரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மனம் தெளிவாக, ஆசை நிறைய இருக்கும்போதே உடம்பு "முடியாது" என்று உட்கார்ந்துவிடும்.

2. ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள்!

நம் உடல் எடையில் மூளையின் பங்கு வெறும் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது! மண்டைக்குள் இரவு பகலாக எரிவது சுமார் 20 வாட், அதாவது இரண்டு எல்.இ.டி. பல்புகளுக்கான மின்சாரம். அந்த இருபது வாட்டில்தான் கணக்குப் போடுகிறோம், பேரன் பெயரை நினைவு வைக்கிறோம், சைக்கிள் ஓட்டுகிறோம்.

இந்த மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பெரிய ரத்தக்குழாய் அடைத்து, சிகிச்சை கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன! வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் "கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான். தப்பிய மூளை, இழந்த பாதைகளுக்குப் பதில் சுற்றுவழிகளைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறது. வெளியே பார்த்தால் எல்லாம் பழையபடி. உள்ளேயோ ஒவ்வொரு காரியத்துக்கும் கூடுதல் பாடு.

3. தன் பக்கவாதத்தையே கட்டுரையாக எழுதிய மூளை நிபுணர்!

ஆல்ஃப் பிரோடால் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர். மூளை நரம்புகளின் வழித்தடங்களை உலகத்துக்கே பாடம் நடத்தியவர். 1972-இல் அவருக்கே பக்கவாதம் வந்தது! மனிதர் சும்மா படுத்திருக்கவில்லை. தன்னைத் தானே கவனித்தார், குறித்தார், 1973-இல் 'பிரெய்ன்' மருத்துவ இதழில் கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டார்.

அதில் அவர் சொன்ன ஒரு விஷயம் இன்றும் ஆய்வாளர்களைக் கட்டிப்போடுகிறது. பலவீனமான தசையை அசைக்க ஒருவிதமான மனச்சக்தியைச் செலவழிக்க வேண்டியிருந்தது என்கிறார். தசை வலிக்கவில்லை, 'அசை' என்று கட்டளையிடுவதே பெரும் உழைப்பாக இருந்ததாம்! சீக்கிரம் சோர்ந்து போனதையும் கவனம் நிலைக்காததையும் சேர்த்தே எழுதினார். இடப்பக்கம்தான் பாதிக்கப்பட்டது, ஆனாலும் வலக்கையால் எழுதும் கையெழுத்து மாறிவிட்டதையும் கண்டுபிடித்தார். மூளையின் ஒரு மூலையில் விழுந்த அடி, தொடர்பே இல்லாததுபோலத் தெரியும் வேலையையும் தொட்டுவிடுகிறது என்பதற்கு அவரே சாட்சி.

பெரியப்பா குளித்துவிட்டு வந்து கண்ணை மூடுவதற்கு ஒரு பேராசிரியரின் வாக்குமூலம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிவிட்டது!

4. அசதியை அளக்க ஒன்பதே கேள்விகள்!

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. அசதிக்கு? அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு! 1989-இல் நியூயார்க் நரம்பியல் மருத்துவர் லாரன் கிரப்பும் அவருடைய குழுவும் ஒன்பது வாக்கியங்களைத் தயாரித்தார்கள். அசதி என் வேலையைக் கெடுக்கிறதா, குடும்ப வாழ்க்கையைத் தடுக்கிறதா என்ற போக்கில் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சராசரி 4-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய அசதி என்று பல ஆய்வுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். 'உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று உட்கார்ந்து கேட்டால் போதும். அதைத்தான் பல வீடுகளில் யாரும் கேட்பதில்லை!

நோயாளிகளிடம் கேட்டபோது என்ன நடந்தது தெரியுமா? பக்கவாதத்துக்குப் பிந்தைய வாழ்க்கையில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவத் துறையினர் மூவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டார்கள். 2012-இல் வெளிவந்த அந்த முதல் பத்தில் அசதியைச் சமாளிக்கும் வழி என்ன என்ற கேள்விக்கும் இடம் கிடைத்தது!

5. உங்களை நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள்!

முடியாது! அடுத்தவர் விரல் பட்டால் துள்ளுகிறோம், நம் விரல் பட்டால் ஒன்றுமே இல்லை. ஏன்? நம் கை என்ன செய்யப்போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். வரப்போகும் உணர்வை முன்னமே கணித்து, அதன் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. 1998-இல் லண்டன் விஞ்ஞானிகள் மூளை ஸ்கேன் வழியாக இதைக் காட்டினார்கள். நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் உரசல் இப்போது உங்களுக்குத் தெரியாததும், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறிச் சத்தம் காதில் ஏறாததும் மூளை இப்படி வேண்டாததை அமுக்கி வைப்பதால்தான்.

அந்தக் குறைக்கும் வேலை கெட்டுப்போனால்? இந்தக் கேள்வியைத்தான் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் நரம்பியல் ஆய்வு நிலையத்தில் அன்னபூர்ணா குப்புசுவாமி எழுப்பினார். பக்கவாதச் சோர்வைப் பல ஆண்டுகள் விடாமல் ஆராய்ந்த விஞ்ஞானி அவர். அவர் முன்வைக்கும் கருத்து இதுதான்: கையைத் தூக்கும்போது தசையிலிருந்து மூளைக்கு வரும் சேதிகளை ஆரோக்கியமான மூளை அடக்கி வாசிக்க வைக்கிறது. அதனால் கை லேசாகத் தெரிகிறது. சோர்வுள்ள மூளையில் அந்த அடக்கம் நடப்பதில்லை. சேதிகள் முழுச் சத்தத்தோடு வந்து மோதுகின்றன. டம்ளர் தூக்குவது குடம் தூக்குவதுபோல் ஆகிவிடுகிறது!

யோசித்துப் பாருங்கள். டிவி ஓடுகிறது, மிக்சி அலறுகிறது, பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள். நமக்கு அது பின்னணி. அவருக்கோ அத்தனையும் முன்னணி! கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் "நீங்க போய்ட்டு வாங்க" என்று ஏன் ஒதுங்குகிறார் என்பது இப்போது புரிகிறதா?

6. கைவிரல் சாட்சி சொல்கிறது!

இதெல்லாம் வெறும் கருத்தா, தடயம் உண்டா? உண்டு! தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து ஒரு துடிப்பு கொடுத்தால், மூளையின் இயக்கப் பகுதி விழித்து, எதிர்ப்பக்கக் கைவிரல் தானாகத் துள்ளும். நீங்கள் அசைக்கவில்லை, விரல் அசைகிறது! எவ்வளவு பலமான துடிப்புக்கு விரல் துள்ளுகிறது என்பதை வைத்து, மூளையின் அந்தப் பகுதி எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்று அளந்துவிடலாம்.

குப்புசுவாமியின் குழு பக்கவாதத்திலிருந்து தேறியவர்களை இப்படிச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டது. மனச்சோர்வு இல்லாதவர்கள், கைகால் குறை மிகக் குறைவாக இருந்தவர்கள் இவர்கள். இவர்களில் அசதி அதிகம் உள்ளவர்களின் மூளையைத் தட்டி எழுப்ப அதிக பலமான துடிப்பு தேவைப்பட்டது! இயக்கப் பகுதி கொஞ்சம் மந்தமாகக் கிடக்கிறது என்று பொருள். அசதி கற்பனையில்லை, சோம்பலில்லை. கருவியில் எண்ணாகவே பதிந்துவிட்டது!

மந்தமாகக் கிடப்பதுதான் சிக்கல் என்றால், லேசாகத் தூண்டிவிட்டால் என்ன? இங்கேதான் மின்சாரம் கதைக்குள் நுழைகிறது. அது எங்கிருந்து கிளம்பி வந்தது என்பதைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள்.

7. முதல் மின்சார வைத்தியர் ஒரு மீன்!

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்றொரு வைத்தியர் இருந்தார். தீராத தலைவலிக்கு அவர் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? உயிருள்ள மின்திருக்கை மீன்! வலிக்கிற இடத்தில் மீனை வைத்தால் அது மின்சாரம் பாய்ச்சும், இடம் மரத்துப்போகும், வலி அடங்கும். மூட்டுவாதக்காரர்களை ஈரமான கடற்கரையில் அந்த மீன்மேல் காலை வைத்து நிற்கச் சொன்னார். மின்சாரம் என்ற ஒன்று இருப்பதே அந்தக் காலத்தில் எவருக்கும் தெரியாது!

அந்த மீனுக்கு லத்தீனில் டார்பிடோ என்று பெயர். மரத்துப்போதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. மந்தத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்துதான் வந்தது. மரத்துப்போக வைத்த மீனில் தொடங்கிய வைத்தியம், மந்தத்தை விரட்டும் ஆய்வில் வந்து நிற்கிறது!

8. மின்கலம் பிறந்த மறு ஆண்டே தலைக்கு ஏறியது!

1800-இல் வோல்டா தன் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தார். 1801-இல் இத்தாலியின் போலோன்யாவில் ஜியோவானி ஆல்தினி அதைத் தூக்கிக்கொண்டு நோயாளியிடம் போய்விட்டார்! தவளைக் காலைத் துள்ளவைத்துப் புகழ்பெற்ற கால்வானியின் சகோதரி மகன் இவர். கடும் மனவாட்டத்தில் இருந்த ஒரு விவசாயியின் தலையில் மெல்ல மெல்ல மின்சாரம் பாய்ச்சினார்; அவர் தேறினார் என்று எழுதியும் வைத்தார். இன்று நாம் பேசும் மின்தூண்டலுக்கு அந்த விவசாயிதான் முன்னோடி என்று சொல்லலாம்.

9. காந்தம் தலையைத் தொடாமலே மூளையைத் தட்டும்!

1831-இல் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டார்: மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்சாரத்தை உண்டாக்கும். நம் ஊர் மின்மாற்றி வேலை செய்வதும் இப்படித்தான். மூளையும் மின்சாரம் கடத்தும் பொருள்தானே? 1896-லேயே பிரான்சில் தார்சோன்வால் பெரிய மின்சுருளுக்குள் தலையை நுழைக்கச் செய்தார். கண்ணுக்குள் மின்னல் மின்னியதுதான் மிச்சம்.

1980-இல் இங்கிலாந்தில் மெர்ட்டனும் மார்ட்டனும் மண்டையோட்டின் வழியே உயர் அழுத்த மின்சாரத்தைச் செலுத்தி மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். தூண்டியது, ஆனால் வலித்தது! 1985-இல் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் காந்தச் சுருளால் அதையே செய்தார்கள். வலியே இல்லை! மில்லி விநாடிக்கும் குறைவாக எழுந்து மறையும் துடிப்பு அது. காந்தப் புலத்தின் பலமோ எம்.ஆர்.ஐ. கருவிக்கு இணையானது. தலைமுடியையும் தோலையும் எலும்பையும் கடந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போய்விடும். டக் டக் என்று சத்தம் வரும், காதை அடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்! மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு இந்தக் காந்தச் சிகிச்சையை 2008-இல் அமெரிக்க அரசு அனுமதித்துவிட்டது.

10. நரம்பணுவைக் கொளுத்தாது, திரியைத் தூண்டும்!

இப்போது நம் கதாநாயகன்: நேர்மின்னோட்டத் தூண்டல். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகள், ஒரு பேட்டரிப் பெட்டி, தலையில் ஒரு பட்டி. 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்சாரம், சுமார் 20 நிமிடம். கைபேசி சார்ஜரில் ஓடுவது 2 ஆம்பியர் என்றால் இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு! அதிலும் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலும் வழிந்தோடிவிடும். மிச்சம் மீதிதான் மூளையைத் தொடும்.

இவ்வளவு குறைந்த மின்சாரத்தால் எந்த நரம்பணுவையும் வலுக்கட்டாயமாக இயக்க முடியாது. பிறகு என்னதான் செய்கிறது? தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: தூண்டல்! அகல் விளக்கில் எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது, ஆனால் திரி உள்ளே அமிழ்ந்து சுடர் மங்கிக் கிடக்கிறது. பாட்டி என்ன செய்வாள்? எண்ணெய் ஊற்ற மாட்டாள், புதுத் தீ வைக்க மாட்டாள். தூண்டுகோலால் திரியைக் கொஞ்சம் வெளியே தள்ளுவாள், சுடர் நிமிரும்! இந்த மின்னோட்டம் செய்வதும் அதேதான். நரம்பணுவை இயங்கும் விளிம்புக்குக் கொஞ்சம் அருகில் தள்ளிவைக்கிறது. அதன் சொந்த வேலை அதற்கு எளிதாகிவிடுகிறது.

2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலஸும் இதைத் துல்லியமாக நிரூபித்தார்கள். நேர்முனையை இயக்கப் பகுதிமேல் வைத்தால் விழிப்பு கூடியது, எதிர்முனையை வைத்தால் குறைந்தது! அடுத்த ஆண்டே இன்னோர் அதிசயம்: பத்துப் பதிமூன்று நிமிடம் பாய்ச்சினால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஒன்றரை மணி நேரம் வரை விளைவு நீடித்தது. சுவிட்சை அணைத்த பிறகும் எரியும் விளக்கு!

11. இது 'ஷாக் ட்ரீட்மென்ட்' இல்லை!

தலைக்கு மின்சாரம் என்றதும் சினிமாக்களில் கட்டிலில் கட்டிவைத்துக் காட்டிய காட்சிதான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு! மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அந்தச் சிகிச்சையில் சுமார் 800 மில்லி ஆம்பியர் வரை செலுத்தி, வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்குவார்கள். கடும் மனநோய்களில் அது உயிர்காக்கும் சிகிச்சை. இங்கேயோ அதில் நானூறில் ஒரு பங்கு, மயக்கமில்லை, வலிப்பில்லை. பஞ்சு வைத்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுப்பும் கொஞ்சம் அரிப்பும்தான். 2016-இல் அதுவரை நடந்த 33,200-க்கும் மேற்பட்ட அமர்வுகளை அலசிப் பார்த்தார்கள். கடும் பாதிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை!

12. பொய் மின்சாரமும் ஒரு மருந்துதான்!

புதுச் சிகிச்சை உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது 'எனக்குச் சிகிச்சை நடக்கிறது' என்ற நம்பிக்கை வேலை செய்கிறதா? அசதி என்பது நோயாளி சொல்லித்தான் தெரியும் என்பதால் இந்தக் கேள்வி இங்கே மிக முக்கியம். அதற்கு விஞ்ஞானிகள் ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவினருக்கு மின்சாரத்தை அரை நிமிடம்போல ஏற்றிவிட்டு, சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள்! குறுகுறுப்பு ஆரம்பத்தில்தான் தெரியும், பிறகு தோல் பழகிவிடும். ஆகவே யாருக்கு நிஜம், யாருக்குப் பொய் என்று நோயாளிக்கும் தெரியாது, அசதியை அளப்பவருக்கும் தெரியாது. முடிவு வந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

13. முப்பது பேர், ஒரே ஓர் அமர்வு, ஒரு வாரம்!

2021. லண்டனில் குப்புசுவாமியின் குழு அந்தத் தந்திரத்தோடு களமிறங்கியது. பக்கவாதத்துக்குப் பின் கடும் அசதியில் இருந்த 30 பேர். மூளையின் இரு பக்க இயக்கப் பகுதிகளுக்கும் ஒரே ஓர் அமர்வு. ஒரு வாரம் கழித்து அளந்து பார்த்தால், நிஜ மின்சாரம் பெற்றவர்களின் அசதி, பொய் மின்சாரம் பெற்றவர்களோடு ஒப்பிட, குறைந்திருந்தது! பாதிக்கப்பட்ட பக்க மூளையின் விழிப்பிலும், ஒரு வேலை எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்ற உணர்விலும்கூட மாற்றம். டம்ளர் மறுபடி டம்ளராகத் தெரியத் தொடங்குகிறது!

ஆய்வாளர்களே இதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் அழைத்தார்கள். சிகிச்சைக்கு முன் யாருக்கு எவ்வளவு பதற்றம் இருந்தது என்பதோடும் பலன் பின்னிக்கிடந்தது. முப்பது பேரை வைத்து உலகத்துக்கே மருந்துச்சீட்டு எழுத முடியாது. ஆனால் பூட்டிக் கிடந்த கதவுக்குச் சாவித்துவாரம் இருக்கிறது என்று காட்ட முப்பது பேர் போதும்!

14. ஆஸ்லோவில் கதை திரும்பியது!

பிரோடால் வாழ்ந்த அதே ஆஸ்லோவில், 2022-இல் இன்னோர் ஆய்வின் முடிவு வந்தது. பக்கவாதம் வந்து பல மாதங்கள் கடந்த 74 பேரோடு தொடங்கி, 54 பேர் கடைசிவரை நின்றார்கள். கணினியில் மூளைப் பயிற்சி, அதோடு 1 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஆறு முறை. முடிவு? மின்சாரத்தால் கூடுதல் பலன் எதுவும் இல்லை!

என்ன இது, ஏமாற்றமா? உற்றுப் பாருங்கள். லண்டனில் இயக்கப் பகுதியைத் தூண்டினார்கள். ஆஸ்லோவில் நெற்றிக்குப் பின்னால் உள்ள, சிந்தனைக்கான இடப்பகுதியை. மின்சாரத்தின் அளவும் ஆஸ்லோவில் குறைவு. எந்தத் திரியைத் தூண்டுவது, எவ்வளவு தூண்டுவது, எத்தனை நாள் தூண்டுவது என்பதில்தான் ரகசியம் ஒளிந்திருக்கலாம். 'பலிக்கவில்லை' என்று ஓர் ஆய்வு வெளிப்படையாகச் சொல்வதும் நோயாளிக்குச் செய்யும் பெரிய சேவை. பொய் நம்பிக்கைக்குக் காசைக் கொட்டாமல் காப்பாற்றுகிறதே!

15. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே!

பக்கவாத அசதிக்கு ஒரு சொந்தக்கார அசதி உண்டு. நரம்புகளின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் இதேபோல ஆளை அடிக்கும் சோர்வு வரும். நியூயார்க்கில் லீ சார்வெட் குழுவினர் அந்த நோயாளிகளின் வீட்டுக்கே கருவியை அனுப்பினார்கள்! வீடியோ அழைப்பில் ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, நோயாளி தானே பட்டியை மாட்டிக்கொள்வார். ஒவ்வோர் அமர்வும் அவர்கள் கண்காணிப்பிலேயே நடக்கும். 2018-இல் வெளியான முடிவில், 20 அமர்வுகளுக்குப் பின் அசதி குறைந்திருந்தது. குளிப்பதற்கே தவிக்கும் ஒருவரைத் தினமும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வது எவ்வளவு கொடுமை! சிகிச்சையே வாசலுக்கு வந்தால்?

16. ஆனால் இதை நீங்களாகச் செய்யாதீர்கள்!

பேட்டரியும் பஞ்சும்தானே என்று யாராவது கை வைத்துவிடுவார்களோ என்ற பயம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. 2016-இல் பல நரம்பியல் ஆய்வாளர்கள் சேர்ந்து, வீட்டில் தாங்களாகவே மூளையைத் தூண்டிக்கொள்பவர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். பஞ்சு காய்ந்தால் தோல் வெந்துபோகும். இடம் தவறினால் வேறு திரியைத் தூண்டிவிடும். முனை மாறினால் எதிர் விளைவு வரலாம். தலைக்குள் உலோகக் கிளிப், இதயத்தில் பேஸ்மேக்கர், வலிப்பு வரலாறு இருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பக்கவாத அசதிக்கு இது இன்னும் ஆய்வில் இருக்கும் முறை. 'கேரண்டியாகக் குணமாக்குகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

17. இன்றைக்கே செய்யக்கூடியது என்ன, தெரியுமா?

நிறைய! எல்லா அசதியையும் பக்கவாதத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாமே ஆளைச் சோர்வாக்கும். குறட்டைவிட்டு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு பக்கவாதம் கண்டவர்களில் பலருக்கு இருக்கிறது. இவற்றுக்கு வைத்தியம் உண்டு, டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

பிறகு, அசதியைக் கணக்கெழுதுங்கள். எந்த நேரத்தில் தெம்பு, எதைச் செய்தால் சரிவு என்று ஒரு வாரம் நோட்டில் குறித்தால் போதும், வழி தெரிந்துவிடும். தெம்பான நேரத்துக்கு முக்கியமான வேலை. குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே குளிக்கலாம். குளியலும் பிசியோதெரபியும் விருந்தாளியும் ஒரே காலையில் வேண்டாம். விழுந்த பிறகு ஓய்வு எடுப்பதைவிட, விழுவதற்கு முன்பே பத்து நிமிடம் கண்ணை மூடுவது மேல். தாங்கும் அளவுக்கு மெல்ல நடை கூட்டலாம். பேசும்போது டிவியை நிறுத்துங்கள். அவருடைய மூளை செய்ய முடியாத அந்தச் சத்தம் குறைக்கும் வேலையை நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள்!

ரோமாபுரி மீனிலிருந்து லண்டன் ஆய்வுக்கூடம் வரை வந்துவிட்டோம். இந்த மெல்லிய மின்சாரம் நாளை மருந்தாகலாம், சிலருக்கு மட்டும் பலிக்கலாம், சரியான இடமும் அளவும் கிடைக்க இன்னும் பல ஆய்வுகள் ஆகலாம். ஆனால் அது மருந்தாவதற்கு முன்பே, அதற்கு வழிகாட்டிய காந்தத் துடிப்பு ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்துவிட்டது. மூளையின் மந்தத்தை எண்ணாக எழுதிக் காட்டி, படுத்திருப்பவர்மேல் விழுந்த சோம்பேறிப் பழியைத் துடைத்துவிட்டது!

நாளைக் காலை எட்டு மணிக்குப் பெரியப்பா குளித்துவிட்டு வந்து கண்ணை மூடும்போது, "என்ன, அதுக்குள்ளயா?" என்று கேட்காதீர்கள். மின்விசிறியைப் போடுங்கள், மிக்சியைக் கொஞ்சம் பொறுத்து ஓட்டச் சொல்லுங்கள். ஒரு குளியலுக்கு அவர் கொடுத்த விலை என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியுமே!